கடையில் வாங்கிய போட் ராடைப் பிரித்து, பார் மீனுக்குத் தாங்கும்படி மறுபடி கட்டுவது எப்படி?

காசிமேடு_கயிறு:

வணக்கம். கையில் இருப்பது கடையில் வாங்கிய 7 அடி போட் ராட் (படகிலிருந்து மீன் பிடிக்கும் தூண்டில் கம்பு), ஒரே துண்டு. பிளாங்க், அதாவது வெறும் கம்பு, கிளாஸ் ஃபைபர். நுனிப் பக்கம் திடமானது, மற்றது உள்ளே கூடு. மேலே 30–50 பவுண்டு என்று அச்சடித்திருக்கிறது. லைன் ஓடும் வளையமான கைடு 6, நுனி வளையமான டிப் தனி. ஓவர்ஹெட் ரீல் (ராடின் மேல் உட்காரும் வகை), பி.இ. 5 பிரெய்டு (பின்னிய லைன், 5 அதன் தடிமன் எண்), முள் பக்கம் 80 பவுண்டு லீடர். பார் (கடலடிப் பாறை) மேல் 40–50 பாகம் (இரு கை விரித்த அளவு) ஆழத்தில் கலவா, விளமீன், சங்கரா என்று அடிமட்ட வேலைதான். ஈயம் சாதாரணமாக 300 கிராம், நீவாடு (கடல் நீரோட்டம்) பிடித்துவிட்டால் 500.

பிளாங்கில் கண்ணுக்குத் தெரிந்து கீறல் இல்லை. மேலே மாட்டியிருப்பதுதான் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. டிராக்கை (ரீலின் பிரேக்) 7 கிலோவுக்கு வைத்து இழுத்தால் ரீல் சீட் (ரீல் மாட்டும் இடம்) பிளாங்கைச் சுற்றி வழுக்குகிறது. டிப்பில் செராமிக் வளையம் கழன்று போச்சு. கைடு காலில் எபாக்சிப் பூச்சுக்கு அடியிலிருந்து துரு பழுப்பாகக் கசிகிறது, இரண்டு கைடில் எபாக்சியே விரிந்து விரிசல் விட்டிருக்கிறது. முன்பிடி ஃபோம் கையோடு திருகுகிறது. அடியில் வெறும் ரப்பர் மூடி, ராடைத் தாங்க இடுப்பில் கட்டும் பெல்ட்டில் நிற்காமல் உருளுகிறது.

முழுவதும் பிரித்துப் புதிதாகக் கட்டலாம் என்று இருக்கிறேன். இந்த பிளாங்கை நம்பிச் செலவு செய்யலாமா? நுனியை 15 செ.மீ. வெட்டினால் ராட் முரடாகும் என்கிறார்கள், சரியா? ரீல் சீட்டுக்கு அடியில் என்ன வைத்து ஒட்டுவது? கைடு எத்தனை, எந்த இடைவெளியில்? வீட்டில் ஹேர் டிரையர், சின்ன ரோட்டரி டூல், வெர்னியர் இருக்கிறது. லேத் கிடையாது.

நூல்_சுத்து:

பிளேடை எடுப்பதற்கு முன் பிளாங்க் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள். முதலில் அந்த 30–50 பவுண்டு கணக்கு. அது ராட் தூக்கும் எடை கிடையாது, அதில் போடவேண்டிய லைனின் வலு. 50 பவுண்டு என்றால் 22 கிலோ சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு டிராக் என்று வைத்தால் ஏழரை கிலோ. இதுதான் இந்த ராடின் எல்லை. உங்கள் பி.இ. 5 பெரும்பாலும் 80 பவுண்டு தாங்கும், அதன் மூன்றில் ஒரு பங்கு 12 கிலோ. லைன் தாங்குகிறதே என்று டிராக்கை அதுவரை இறுக்கினால் எத்தனை நல்ல கைடு போட்டிருந்தாலும் பிளாங்க் போய்விடும்.

எடை சோதனை இப்படி. டிப் வளையம் இல்லாததால் பிரெய்டை அதன் வழியே விடாதீர்கள், வெறும் உலோக விளிம்பு லைனை அறுத்துவிடும். நுனியில் நாலு சுற்று டேப் போட்டு அதன் மேல் தடித்த கயிறு கட்டுங்கள். ஒருவர் அடிப்பிடியை 45 பாகை சாய்வில் பிடிக்க, இன்னொருவர் மீன் எடை போடும் டிஜிட்டல் தராசைக் கயிற்றில் மாட்டித் தரையைப் பார்த்து நேராக இழுக்க வேண்டும். ஒவ்வொரு கிலோவாக ஏற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம். 2 கிலோவிலேயே நுனி நேராகத் தொங்கி வளைவு நடுவுக்கு வந்தால் கவலைப்பட வேண்டாம், அது மெல்லிய நுனி, கடி தெரியத்தான். 4–5 கிலோவில் வளைவு முன்பிடி வரை இறங்கிவிட்டால் இந்த பிளாங்க் உங்கள் வேலைக்கு இல்லை, அங்கேயே நிறுத்திவிடலாம். 7 கிலோவிலும் அடிப்பக்கம் விறைப்பாக நின்று, நொறுங்கும் சத்தம் எதுவும் இல்லாமல், விட்டதும் நேராக வந்தால் செலவு செய்யுங்கள். வளைந்திருக்கும்போதே விளக்கு அடித்துப் பாருங்கள்: கிளாஸில் குறுக்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடம் ஏற்கெனவே நசுங்கியது.

பிரிப்பது. எதையும் தொடுமுன் ஒவ்வொரு கைடும் சீட்டும் நின்ற இடத்தை அளந்து எழுதி வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். கைடை எடுக்க, பிளேடைக் கைடு காலின் உலோகத்தின் மேல் மட்டும் ஓட்டி நூலை அறுக்க வேண்டும். பக்கவாட்டில் பிளாங்கின் மேல் ஒருபோதும் வெட்டக்கூடாது. கிளாஸில் விழும் மெல்லிய வெட்டு அப்போது கண்ணுக்குத் தெரியாது, ராட் பிறகு சரியாக அங்கேயே முறியும். அறுத்த இடத்தை ஹேர் டிரையரால் சூடாக்கினால் எபாக்சி ரப்பர் போல் ஆகும், நூலோடு சேர்த்து உரித்துவிடலாம். கை வைக்க முடியாத சூடு வேண்டாம், பிளாங்கின் ரெசினும் இளகும். மிச்சத்தைப் பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால் சுரண்டுங்கள். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு போகும் வரை தேய்த்து நாரைத் தொட்டுவிடாதீர்கள்.

டிப்புக்கு: லைட்டர் தீயை உலோகக் குழாயில் மட்டும் சில நொடி காட்டி, பிளேயரால் நேராக இழுங்கள். திருகினால் நுனி நார் பிளந்துவிடும்.

சீட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ரோட்டரி டூலால் எதிரெதிரே இரண்டு நீளக் கோடு, சீட்டின் தடிமன் அளவுக்கு மட்டும் வெட்டி, ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பிளந்தால் இரண்டு பாதியாக வரும். முகமூடி போடுங்கள், கிளாஸ் தூள் நெஞ்சுக்கு ஆகாது. உள்ளே பெரும்பாலும் மாஸ்கிங் டேப் வளையம் இரண்டோ மூன்றோ, நடுவில் காலி, ஓரத்தில் கொஞ்சம் பசை, இவ்வளவுதான் இருக்கும். உங்கள் சீட் வழுக்கிய காரணம் அதுதான். உப்புத் தண்ணீர் ஓரம் வழியாக இறங்கி டேப்பை ஊற வைக்கிறது. ஓவர்ஹெட் ரீலில் கைப்பிடி பிளாங்குக்கு 7–8 செ.மீ. பக்கவாட்டில் இருப்பதால், ஒவ்வொரு சுற்றும் சீட்டைத் திருகவும் செய்கிறது. ஊறிய டேப் எத்தனை நாள் தாங்கும்?

புதிய சீட்டுக்கு அடியில் மாஸ்கிங் டேப்பே வேண்டாம். வெர்னியரால் பிளாங்கின் வெளிவிட்டத்தையும் சீட்டின் உள்விட்டத்தையும் அளங்கள். பிளாங்க் 15 மி.மீ., சீட் 22 என்றால் சுற்றிலும் மூன்றரை மி.மீ. இடைவெளி. லேத் இல்லாதவர்களுக்கு நல்ல வழி, சுவர் விரிசலுக்கு ஒட்டும் கிளாஸ் ஃபைபர் வலைநாடா. ஒவ்வொரு சுற்றிலும் எபாக்சியைத் தேய்த்து ஊற வைத்து, சீட் சற்று இறுக்கமாக ஏறும் வரை சுற்றுங்கள். பிளாங்க் நுனிப் பக்கம் ஒடுங்குவதால் அந்தப் பக்கம் ஒன்றிரண்டு சுற்று கூடவே வரும். சீட்டின் முழு நீளத்துக்கும் சுற்ற வேண்டும். நடுவில் காலி விட்டால் பழைய கதைதான்.

ஒட்டுவதற்கு அரால்டைட் ஸ்டாண்டர்ட் போதும். கன அளவில் சரிக்குச் சரி. தராசில் நிறுத்தால் ரெசின் 100-க்கு ஹார்டனர் 80. இந்த வேலைக்கு 25 கிராம் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். சீட்டை ஏற்றி, ரீலை மாட்டி நேர் பார்ப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், ஈரத்திலும் அது பலவீனம். சீட்டின் உட்புறத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மரையின் மேல் டேப் சுற்றுங்கள், வழியும் பசை மரையில் இறங்கினால் நட்டு அப்புறம் அசையாது. சீட்டைத் திருகிக்கொண்டே ஏற்றினால் காற்றுக்குமிழி வெளியேறும். 24 மணி நேரம் அசைக்காதீர்கள், எடை ஏற்ற மூன்று நாள் பொறுங்கள்.

முத்துநகர்_பார்:

மேல சொன்னது எல்லாம் சரி. நுனிய வெட்டுறதப் பத்தி மட்டும் நான் சொல்லுதேன் தம்பி.

15 செ.மீ. வெட்டாதீங்க. வெட்டுனா நுனி முரடாகும், அடிப்பக்க வலு துளிகூட கூடாது. உங்களுக்கு வேண்டியது அடிப்பக்க வலு. அது பிளாங்க்ல இருந்தாத்தான் உண்டு. நுனி முரடானா என்ன ஆகும்னா, 500 கிராம் ஈயம் பார்ல தட்டுறதும் விளமீன் வாய் வைக்கிறதும் ஒண்ணுபோலத் தெரியும்.

கை நோவுறதுக்கும் அதே கணக்குதான். அடிய பெல்ட்ல வச்சு, இடது கை அதுலருந்து 60 செ.மீ. தள்ளி முன்பிடியில. வளைஞ்ச நுனி கைக்கு முன்னால 90 செ.மீ. தூரத்துல. மீன் 8 கிலோ இழுத்தா இடது கையில ஏறுறது 8 × 150 ÷ 60, அதாவது 20 கிலோ. ராட் இன்னும் நல்லா வளைஞ்சு நுனி 70 செ.மீ.-க்கு உள்ள வந்துட்டா 17 கிலோ சொச்சம். வளையிற ராட்தான் ஆளக் காப்பாத்தும். முன்பிடிய நீளமா, ஒரு 30 செ.மீ. வச்சுக்கிட்டா கைய 10 செ.மீ. முன்ன தள்ளலாம், அதுக்கே 20 கிலோ 17 ஆகிரும். கடை ராட்ல முன்பிடி எப்பவும் குட்டையாத்தான் இருக்கு, ஃபோம் காச மிச்சம் பிடிக்கிறாங்க போல.

ஃபோம் மெத்துனு இருக்கறத வாங்காதீங்க. அழுத்தமான ஈவிஏ, உள்துளை பிளாங்க் விட்டத்தவிட 2–3 மி.மீ. சின்னதா இருக்கணும். எபாக்சி தடவி, ராட நிமித்தி, கீழ்நோக்கி ஒரே தள்ளா இறக்கணும். பாதியில நின்னா பசை பிடிச்சு அங்கனயே நிக்கும்.

அடிக்கு ரப்பர் மூடிய எறிஞ்சுட்டு, குறுக்கு வெட்டு உள்ள உலோக கிம்பல் போடுங்க. பெல்ட்ல இருக்கிற ஊசியில அந்த வெட்டு உக்காந்தா ராட் உருளாது. கிம்பல ஒட்டும்போது ரீல சீட்ல மாட்டி, வெட்டு ரீலோட நேருக்கு நேர் நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் விடுங்க. கோணலா ஒட்டுனா ரீல் ஒரு பக்கமா சாய்ஞ்சே இருக்கும், மறுபடி சுட்டுத்தான் எடுக்கணும். கிம்பல் நுனியிலருந்து சீட் நடு வரைக்கும் 38–40 செ.மீ. பெல்ட்டுக்குத் தோது. அக்குள்ல வச்சு இழுக்கிற ஆளுன்னா 50 வேணும். பசை போடுறதுக்கு முன்னால டேப் ஒட்டி ரீல மாட்டி, பெல்ட் கட்டி நின்னு பாத்துருங்க.

ஒண்ணு மறந்துராதீங்க. முள்ளு பார்ல மாட்டிக்கிட்டா ராடால இழுக்கக்கூடாது. ராடைக் கீழ இறக்கி நேரா லைனப் பார்த்து நீட்டி, லைன படகோட கட்டையில நாலு சுத்து சுத்தி, படகு நகரும்போது தானா அறுபடட்டும். கையில சுத்துனா விரல் போயிரும். மீன்ல முறியிற ராட விட மாட்டுன பார்ல முறியிறதுதான் அதிகம்.

காசிமேடு_கயிறு:

நன்றி அண்ணாச்சி, நூல்_சுத்து அண்ணனுக்கும் நன்றி. எடை சோதனை செய்தேன்: 7 கிலோ வரை சத்தம் இல்லை, 3 கிலோவில் நுனி நேராகத் தொங்குகிறது, வளைவு முன்பிடிக்கு ஒரு சாண் முன்னாலேயே நிற்கிறது. நுனியை வெட்டவில்லை.

இப்போது கைடு. மேலே கைடு வைத்தால் எடை ஏறியதும் ராட் உருளப் பார்க்கும், அதனால் பிளாங்கின் முதுகெலும்பைக் கண்டுபிடித்து அதன் நேருக்குக் கைடு வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். இது உண்மையா? இன்னொன்று, எபாக்சி பூசியதும் ராடைச் சுற்றிக்கொண்டே இருக்க மைக்ரோவேவ் தட்டு மோட்டார் போதுமா?

கைடு_கணக்கு:

முதுகெலும்பு என்பது பிளாங்க் சுருட்டும்போது துணி ஒரு பக்கம் கூடுதலாக விழுந்து அந்தத் திசை விறைப்பாக இருப்பது. இருப்பது உண்மை. ஆனால் அதை வைத்து உருளலை நிறுத்த முடியாது. லைன் பிளாங்குக்கு 2 செ.மீ. மேலே போகிறது, இழுப்பு 8 கிலோ என்றால் நுனியில் மட்டும் 16 கிலோ-செ.மீ. திருகல். லைன் எப்போதும் அடியில் வரவே பார்க்கும், முதுகெலும்பின் விசை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பிளாங்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து எந்தப் பக்கம் நேராக இருக்கிறதோ அந்த நேருக்குக் கட்டுங்கள், போதும்.

உருளலுக்கு மருந்து, கைடைச் சுழற்றிக் கட்டுவது. ரீலுக்கு அடுத்த கைடு மேலே, 0 பாகையில். இரண்டாவது 60, மூன்றாவது 120, நான்காவதிலிருந்து டிப் வரை எல்லாம் அடியில், 180. லைன் ராடைச் சுற்றி இறங்கி அடிப்பக்கமாக ஓடும், நுனி வளைந்ததும் உருள வேண்டிய காரணமே இல்லை. லைன் பிளாங்கில் உரசாது, அதனால் உயரமான கைடும் தேவையில்லை. இடப்பக்கமா வலப்பக்கமா என்பது பெரிய விஷயமில்லை. படகு ஓரத்தில் ராடைச் சாய்க்கும்போது எந்தப் பக்கம் அடிபடாதோ அந்தப் பக்கம். முதல் முறை பார்க்கும் யாரும் கோணலாகக் கட்டிவிட்டார் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

எண்ணிக்கை: ராட் முழு நீளம் என்பதால் 7 கைடு, டிப் தனி. ஒன்று கூடுதலாக இருந்தால் எடை பரவும். நுனியிலிருந்து 10, 21, 33.5, 47.5, 63.5, 82, 104 செ.மீ. என்று தொடங்குங்கள். இது இறுதி இல்லை. கைடுகளை மெல்லிய டேப்பாலோ சைக்கிள் டியூப்பை வெட்டிய வளையத்தாலோ நிறுத்தி, லைன் கோத்து, 4 கிலோவும் பிறகு 6 கிலோவும் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கைடிலும் லைன் ஏறக்குறைய ஒரே அளவு மடங்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கூர்மையாக மடங்கினால் அங்கே கைடுகளை நெருக்குங்கள். சுழலும் அந்த மூன்று கைடிலும் லைன் பிளாங்கைத் தொடுகிறதா என்று தாள் துண்டை இடையில் விட்டுப் பார்க்கலாம்.

இரட்டைக் கால் கைடு மட்டும். சட்டம் 316 ஸ்டெயின்லெஸ், வளையம் அலுமினியம் ஆக்சைடாக இருந்தாலே பிரெய்டுக்குப் போதும். சிலிக்கான் கார்பைடு இன்னும் வழவழப்பு, விலை எக்கச்சக்கம். காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் டிப்புக்கும் முதல் கைடுக்கும் மட்டும் நல்லதாகப் போடுங்கள். ரோலர் கைடு இந்த ராடுக்கு எடை கூடுதல். வாரம் ஒருமுறை நன்னீரில் கழுவி எண்ணெய் போடாவிட்டால் ரோலர் உறைந்து, உறைந்த ரோலர் பிரெய்டை அறுக்கும்.

டிப் வளையம் கழன்றதற்குக் காரணம் அநேகமாக ஈயத்தை நுனி வரை சுற்றி இடிப்பது. சுழலிக்கு மேல் ஒரு ரப்பர் மணி போடுங்கள். புதிய டிப்பின் குழாய் விட்டத்தை நுனியில் அளந்து, ஒரு தாள் கனம் தளர்வாக வாங்குங்கள். சூட்டில் உருகும் பசைக்குச்சியால் ஒட்டுங்கள், எபாக்சி வேண்டாம். டிப்தான் முதலில் போகும், மாற்ற லைட்டர் சூடு போதுமானதாக இருக்க வேண்டும். பசைக்குச்சியில் ராட் கட்டுபவர்களுக்கென்று விற்பதே நல்லது. கைவினைக் கடைக் குச்சி வெயிலில் படகின் மேல் கிடந்தாலே இளகிவிடும்.

நூல்_சுத்து:

மோட்டார் போதும், நிமிடத்துக்கு 5–6 சுற்று இருந்தால். வாங்கும்போது மேல் ஸ்டிக்கரைப் படியுங்கள். அந்த மோட்டார்களில் நிறைய 21 வோல்ட் வகை, நேராக 230-ல் சொருகினால் புகைதான். 220–240 என்று அச்சடித்ததை வாங்குங்கள். மோட்டார் கிடைக்கும் வரை கையாலும் ஒப்பேற்றலாம்: முதல் ஒரு மணி நேரம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று, பிறகு அரை மணிக்கு ஒருமுறை. எபாக்சி அடியில் தொங்காமல் நிற்கும் வரை, நம் வெயிலில் நாலு மணி நேரம் ஆகும்.

துருவுக்கு வருகிறேன், அதுதான் இங்கே யாரும் சொல்லாமல் விட்டது. கைடு காலின் நுனியை அரத்தால் ராவி மெலிதாக்கினால்தான் நூல் படி இல்லாமல் ஏறும். எல்லாக் கைடுக்கும் ராவ வேண்டும். அடியில் பிசிறு இருந்தால் வளையும்போது அது பிளாங்கைக் குத்தும், அதையும் எடுங்கள். பிறகு காலைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கால் வளைந்திருக்கிறது. அதை நூலால் அழுத்திக் கட்டிவிடலாம், ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் நுனி மேலே எழப் பார்க்கும், அங்கே எபாக்சி வட்டமாக விரியும். உங்கள் இரண்டு கைடில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர் நுழைவது வேறு இடத்தில். கால் நூலுக்குள்ளிருந்து வெளியே வந்து சட்டமாக நிமிரும் இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். காலின் இரு புறமும், நூலுக்கும் பிளாங்குக்கும் இடையில் முக்கோணமாக ஒரு சின்னப் பொந்து இருக்கும். பிரஷ் மேலே மட்டும் ஓடினால் அது அடைபடாது. உப்புத் தண்ணீர் அதில் போய் உட்கார்ந்துவிடும், காய வழியில்லை. முதல் பூச்சின்போது ஒரு ஊசி முனையில் எபாக்சி எடுத்து இந்தப் பொந்தில் விட்டு, நிரம்பி மறுபக்கம் வரும் வரை காத்திருங்கள்.

நூல்: கிளாஸ் பிளாங்கின் மேல் நேராகக் கைடை வைக்காமல், முதலில் மெல்லிய ஏ அளவு நைலான் ஒரு அடுக்கு சுற்றி, அதன் மேல் கைடை வைத்து டி அளவு நூல். கைடு கால் நுனிக்கு 5 மி.மீ. முன்னாலிருந்து தொடங்குங்கள். கட்டிய பிறகு கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் கைடு கொஞ்சம் நகர வேண்டும், நேர்பார்த்துத் திருத்த அந்த இடம் வேண்டும். அசையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். தையல் கடை பாலியெஸ்டர் நூல் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். மெஷினில் ஓட சிலிக்கான் எண்ணெய் பூசிய நூலில் எபாக்சி ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். வேண்டாம்.

பூச்சு எபாக்சி சரிக்குச் சரி கலப்பது. ஒரு தடவைக்கு 3 மி.லி. + 3 மி.லி.-க்குக் குறையாமல் கலக்குங்கள், அதற்குக் கீழே போனால் ஊசிக்குழலில் ஒரு துளி தப்பும் பெரிய தப்பாகி, என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். ரப்பர் அடைப்பான் உள்ள மருந்துக்கடை சிரிஞ்சும் சிலிக்கான் தடவியதுதான், முழுப் பிளாஸ்டிக் சிரிஞ்சு தேடுங்கள். மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கி, அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பினால் குமிழியும் போகும், சூடேறி சீக்கிரம் இறுகுவதும் குறையும். முதல் பூச்சு மெலிதாக, நூலுக்குள் இறங்க மட்டும். மறுநாள் இரண்டாவது. இரண்டு நாள் தாண்டிவிட்டால் லேசாக உப்புத்தாள் போட்டுவிட்டுத்தான் பூச வேண்டும்.

ரெசின் ஆர்ட் கடைகளில் விற்கும் எபாக்சி வேண்டாம், அது விறைத்து இறுகும், கைடு கால் நுனியில் விரியும். அரால்டைட்டும் பூச்சுக்கு ஆகாது, கெட்டியாக நின்று மஞ்சளாகும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், ராட் வேலைக்குத் தோதான நேரம் என்று எல்லோரும் அப்போது உட்காருகிறார்கள். சென்னையில் அந்த நாட்களில் காற்றில் ஈரம் அதிகம், கடல்காற்று ஏறும் மாலையில் பூசினால் பூச்சு பால் போல் மங்கும். முற்பகலில், ஜன்னல் சாத்திய அறையில் பூசுங்கள். ஃபேன் வேண்டாம், தூசியும் அலையும் விழும்.

காசிமேடு_கயிறு:

சீட்டுக்கு அலுமினியம் வாங்கட்டுமா, கிராஃபைட்டே போதுமா? அலுமினியம் உப்பில் அரிக்கும் என்கிறார்கள்.

முத்துநகர்_பார்:

அலுமினியமே வாங்குங்க தம்பி, அனோடைஸ் பண்ணுனது, ரெண்டு நட்டு உள்ளது. கிராஃபைட் சீட்னு விக்கிறது பெரும்பாலும் நார் கலந்த நைலான்தான், சின்ன ரீலுக்கு நல்லாத்தான் இருக்கும். 500 கிராம் ஈயத்தோட ஒரு கலவாவப் பார்லருந்து பிடுங்கும்போது அந்தக் கொக்கி அகலும், ரீல் ஆட ஆரம்பிக்கும். கார்பன் பிளாங்க்னாத்தான் அலுமினியத்தோட ஒட்டுனா அரிப்பு ஜாஸ்தி. உங்களுது கிளாஸ், அந்தப் பிரச்சினை இல்ல. தினமும் நட்டக் கழட்டி நன்னீர்ல கழுவி, மரையில கொஞ்சம் கிரீஸ் தேய்ங்க. கழட்டாம விட்டா உப்பு இறுகி பைப் ரெஞ்ச் வேணும்.

உங்க ரீல்ல கிளாம்ப் மாட்ட ரெண்டு மரை இருந்தா, சீட்டுக்கு அடியில அந்தக் கிளாம்பையும் போட்டு நட்ட முடுக்கிருங்க. அப்புறம் சீட்டுக்குள்ள ரீல் திரும்பவே திரும்பாது.

கைடு_கணக்கு:

எல்லாம் காய்ந்த பிறகு கடலுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சோதனை. ரீலை மாட்டி, எல்லாக் கைடு வழியாகவும் லைன் விட்டு, தராசில் 3 கிலோ, 5 கிலோ, 7 கிலோ. 5 கிலோவில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஒவ்வொரு கைடு காலின் நுனியிலும் விளக்கு அடித்துப் பாருங்கள். எபாக்சியில் முடி போல் ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கைடை மட்டும் இப்போதே பிரித்துக் கட்டுங்கள். மேலே இன்னொரு பூச்சு போட்டு மூடினால் அது மறுபடி விரியும். சீட்டின் ஓரத்தில் பிளாங்கின் மேல் ஒரு பேனா கோடும் சீட்டின் மேல் ஒரு கோடும் நேருக்கு நேர் போட்டு வையுங்கள். வழுக்கத் தொடங்கினால் கைக்குத் தெரியும் முன்பே அந்தக் கோடு விலகியிருக்கும்.

பிறகு ஒவ்வொரு முறை கழுவும்போதும் காது குடையும் பட்ஸ் ஒன்றை எல்லா வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள். பஞ்சு எங்காவது இழுபட்டால் செராமிக்கில் விரிசல், பிரெய்டு அடுத்த மீனிலேயே அங்கே அறுபடும்.